டியூட்டி ஜீரோ ஆயிடுச்சே, அப்புறம் ஏன் லாரி நிக்குது?

கேள்வி இதுதான்: "பிரிட்டன் ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய வந்தாலும் ரெண்டு பேரும் ஜீரோ டியூட்டி, அதாவது இறக்குமதி வரி இல்லாத ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்களே, அப்புறம் ஏன் அங்க வியாபாரிங்க இன்னும் கஷ்டம்னு சொல்லிட்டே இருக்காங்க? ஃப்ரீ ட்ரேட், கஸ்டம்ஸ் யூனியன், சிங்கிள் மார்க்கெட் எல்லாம் ஒரே விஷயத்துக்கு மூணு பேரா?"

மூணும் வேற வேறங்க. யூனியன விட்டு வெளிய வரலாமான்னு 2016ல ஓட்டெடுப்பு நடந்ததுலேர்ந்து 2020 வரைக்கும் பிரிட்டன்ல நடந்த அவ்ளோ பெரிய சண்டைல பாதி இந்த வித்தியாசம் புரியாததால வந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன். நான் பொருளாதாரத்துல பட்டம் வாங்கினவன் இல்ல, திருப்பூர்ல எக்ஸ்போர்ட் டாக்குமெண்டேஷன் பாக்குறவன், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், சர்டிபிகேட் ஆஃப் ஒரிஜின்னு இந்த பேப்பருங்களோடயே பல வருஷம் ஓடிருச்சு. அதனால எனக்கு தெரிஞ்ச பக்கத்துலேர்ந்தே சொல்றேன்.

எங்களுக்கு ஒரு இங்கிலாந்து பையர் இருந்தாங்க, பேர் வேண்டாம், அவங்களுக்கு அயர்லாந்துலயும் கடைங்க உண்டு (அயர்லாந்து இன்னும் யூனியன்ல இருக்குற தனி நாடு, டப்ளின் அதோட தலைநகரம்). 2020 வரைக்கும் எப்படின்னா, தூத்துக்குடிலேர்ந்து போற எங்க டி-ஷர்ட் கன்டெய்னர் இங்கிலாந்துல ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்துல இறங்கும், அங்க ஒரு தடவை டியூட்டி கட்டுவாங்க, சரக்கு அவங்க குடோனுக்கு போயிரும், அதுக்கப்புறம் டப்ளின் கடைல எம் சைஸ் தீந்துபோச்சுன்னா குடோன்லேர்ந்து லாரில போட்டு அனுப்பிருவாங்க, நாம திருப்பூர்லேர்ந்து கோயமுத்தூருக்கு பார்சல் போடுற மாதிரி, அதுக்குன்னு தனி பேப்பர் எதுவும் கிடையாது. 2021 ஜனவரி 1க்கு அப்புறம் அதே டி-ஷர்ட், அதே குடோன், அதே டப்ளின் கடை, ஆனா கடல தாண்டி அயர்லாந்துல இறங்குறப்ப இன்னொரு 12 சதவீதம் டியூட்டி. இங்கிலாந்துல ஏற்கனவே ஒரு தடவை கட்டியாச்சு, அது கணக்குலயே வராது. அந்த பையரோட மெர்ச்சண்டைசர் பொண்ணு மெயில்ல எங்ககிட்ட கேட்டாங்க, ஜீரோ டியூட்டி டீல்னுதானே கிறிஸ்மஸ்க்கு முந்தின நாள் அறிவிச்சாங்க, இது எப்படின்னு. பாவம், அவங்களுக்கு அவங்க கவர்மெண்ட் சொல்லிருக்க வேண்டியத நான் இங்க உக்காந்து சொல்ல வேண்டியதா போச்சு.

விஷயம் என்னன்னா, 2020 டிசம்பர் 24 அன்னிக்கு முடிவான அந்த ஒப்பந்தத்துல ஜீரோ டியூட்டி இருக்குறது "பிரிட்டன்ல உருவான பொருளுக்கு". "பிரிட்டன்லேர்ந்து வர்ற பொருளுக்கு" இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிலதான் எங்க டி-ஷர்ட் விழுந்துச்சு. பின்னலாடைக்கு அந்த ஒப்பந்தத்துல பொதுவா என்ன விதின்னா, துணிய பின்னுற வேலையும் வெட்டி தைக்குற வேலையும் ரெண்டுமே அங்கயே நடந்திருக்கணும். இந்தியாவுல பின்னி, இந்தியாவுல தைச்சு, இங்கிலாந்து குடோன்ல வெறுமனே மடிச்சு வெச்சிருந்த டி-ஷர்ட் பிரிட்டன் பொருள் ஆகாது. பங்களாதேஷ்காரங்களுக்கு நடந்தது இன்னும் கொடுமை. அவங்க சரக்குக்கு பிரிட்டன்லயும் டியூட்டி கிடையாது, நேரா ஜெர்மனிக்கு அனுப்பினா அங்கயும் கிடையாது, ஆனா பிரிட்டன்ல இறக்கி உள்ள விட்டு அதுக்கப்புறம் ஜெர்மனிக்கு அனுப்பினா 12 சதவீதம். ரெண்டு பக்கமும் ஜீரோ, நடுவுல வழிய மாத்தினா மட்டும் வரி.

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைல பெர்சி பிக்னு பன்னி மூஞ்சி வெச்ச ஒரு மிட்டாய் விக்குறாங்க, அங்க குழந்தைங்களுக்கு ரொம்ப பிடிக்கும். அது ஜெர்மனில தயாராகி இங்கிலாந்துக்கு வருது, டியூட்டி இல்ல. அத அப்படியே அயர்லாந்து கடைக்கு அனுப்பினா டியூட்டி. ஐரோப்பாவுல செஞ்ச மிட்டாய் ஐரோப்பாவுக்கே திரும்பி போறப்ப வரி கேக்குது, ஏன்னா பிரிட்டன்ல அதுக்கு எந்த வேலையும் நடக்கல, அதனால அது பிரிட்டன் பொருள் இல்ல, அந்த மிட்டாய் ஏற்கனவே யூனியன விட்டு வெளிய வந்துட்டதால ஐரோப்பிய பொருளுங்குற அந்தஸ்தும் போச்சு. 2021 ஜனவரில அந்த கம்பெனி தலைவரே இத உதாரணமா சொன்னாரு, அப்பதான் நிறைய பேருக்கு புரிஞ்சுது.

இப்படி "எங்க உருவாச்சு"ன்னு ஏன் கேக்குறாங்க, விட்டுட்டா என்னன்னு தோணும். விட்டா என்ன ஆகும்ங்குறதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு கதை இருக்கு. இந்தியா-இலங்கை ஃப்ரீ ட்ரேட் ஒப்பந்தம் 1998 டிசம்பர்ல கையெழுத்தாகி 2000 மார்ச்லேர்ந்து அமலாச்சு. இந்தியாவுல அப்போ பாமாயில் இறக்குமதிக்கு டியூட்டி ரொம்ப அதிகம், இலங்கைல கம்மி. உடனே என்னாச்சு, இலங்கைல வனஸ்பதி பேக்டரிங்க முளைச்சுது, பாமாயில வெளிநாட்டுலேர்ந்து இறக்கி, வனஸ்பதியாக்கி, டியூட்டி இல்லாம இந்தியாவுக்கு அனுப்பினாங்க. இலங்கைல பாமாயில் அவ்ளோ விளையறதும் இல்ல, அவங்க ஊர்ல வனஸ்பதிக்கு பெரிய தேவையும் இல்ல. செம்புலயும் இதே கதை. இத்தனைக்கும் 35 சதவீதம் மதிப்பு உள்ளூர்ல கூட்டணும்னு விதி இருந்துச்சு, அது இருந்தும் இப்படி. இங்க தயாரிப்பாளருங்க சத்தம் போட்டு கடைசில வருஷத்துக்கு இவ்ளோதான்னு கோட்டா வந்துச்சு, கோட்டா வந்ததும் அங்க பேக்டரிங்க மூடுச்சு, வேலை போனது சாதாரண ஆளுங்களுக்கு. ஒவ்வொரு நாடும் வெளி உலகத்துக்கு தனித்தனி டியூட்டி வெச்சுக்கிட்டு, தங்களுக்குள்ள மட்டும் ஜீரோ போட்டுக்கிட்டா, எந்த வாசல் தாழ்வா இருக்கோ அந்த வாசல் வழியாத்தான் எல்லாரும் உள்ள வருவாங்க. அத தடுக்கத்தான் ஒரிஜின் விதி. இதுதான் ஃப்ரீ ட்ரேட் ஏரியா. டியூட்டி ஜீரோ, ஆனா ஒவ்வொரு சரக்கும் தான் எங்க பொறந்துச்சுன்னு பேப்பர்ல நிரூபிக்கணும்.

கஸ்டம்ஸ் யூனியன் அடுத்த படி. எல்லா நாடும் வெளி உலகத்துக்கு ஒரே டியூட்டின்னு முடிவு பண்ணிருவாங்க. ராட்டர்டாம்ல இறங்கினாலும் 12, ஹாம்பர்க்ல இறங்கினாலும் 12, அப்போ குறுக்கு வழி தேட யாருக்கும் காரணம் இல்ல, ஒரு தடவை வாசல்ல கட்டிட்டா உள்ள எங்க வேணா போகலாம், அந்த பொருள் எந்த நாட்டுல பொறந்துச்சுன்னு உள்ள யாரும் கேக்க மாட்டாங்க. 2020 வரைக்கும் எங்க டி-ஷர்ட் டப்ளினுக்கு நிம்மதியா போனதுக்கு காரணம் இதுதான். ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. டியூட்டி எல்லாருக்கும் பொதுன்னா, நான் மட்டும் தனியா இந்தியாவோட பேசி டியூட்டிய குறைச்சுக்கிறேன்னு ஒரு நாடு சொல்ல முடியாது. வெளில வந்து நாங்களே சொந்தமா ஒப்பந்தம் போடுவோம்னு பிரெக்ஸிட் (யூனியன விட்டு பிரிட்டன் வெளிய வர்றது) ஆதரவாளருங்க சொன்னது இத வெச்சுதான், அது நியாயமான ஆசைன்னு எனக்கும் படுது.

சரி, கஸ்டம்ஸ் யூனியன் வந்துட்டா லாரி நிக்காதா? நிக்கும். அதுக்கு ஐரோப்பாவே சாட்சி. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் இந்த ஆறு நாடும் 1951ல நிலக்கரி, இரும்புக்குன்னு சேந்து, 1957ல ரோம்ல கையெழுத்து போட்டு, 1968 ஜூலை 1லேர்ந்து தங்களுக்குள்ள டியூட்டி சுத்தமா இல்லைன்னு ஆக்கிட்டாங்க, அதுவும் திட்டமிட்ட தேதிக்கு ஒண்ணரை வருஷம் முன்னாடியே. (போருக்கு அப்புறம் இருபத்தஞ்சு வருஷம் கூட ஆகல அப்போ, ஒருத்தர ஒருத்தர் குண்டு போட்டு அழிச்சுக்கிட்ட ஊருங்க, இத நினைக்குறப்ப எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாத்தான் இருக்கு.) டியூட்டி போயி 16 வருஷம் கழிச்சு, 1984 பிப்ரவரில ஆல்ப்ஸ் மலைப்பக்கம் பிரான்ஸ் லாரி டிரைவருங்க ரோட்ட மறிச்சு போராட்டம் பண்ணாங்க, கஸ்டம்ஸ்ல நாள் கணக்கா நிக்க வெக்குறாங்கன்னு. டியூட்டியே இல்லாத எல்லைல கஸ்டம்ஸ்காரன் என்னத்த பாத்துக்கிட்டு இருந்தான்? மறைமுக வரிய பாத்தான், கறிக்கு மாட்டு டாக்டர் சர்டிபிகேட் பாத்தான், மின்சார சாமானுக்கு அந்தந்த நாட்டு தரச்சான்று பாத்தான், லாரி பர்மிட்ட பாத்தான்.

நமக்கு இது புதுசே இல்லைங்க. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் நடுவுல என்னைக்காவது டியூட்டி இருந்துச்சா? ஒரே நாடு. ஆனா 2017 ஜூலைக்கு முன்னாடி வாளையார் செக்போஸ்ட்ட கோயமுத்தூர் பக்கத்து லாரிக்காரங்கள கேளுங்க, அவங்க சொல்வாங்க. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேற, பில்லு பாக்கணும், சரக்கு பாக்கணும், வரிசைல மணிக்கணக்குல நிக்கணும், பண்டிகை நேரம்னா ராத்திரி முழுக்க அங்கயேதான். ஜிஎஸ்டி வந்து எல்லா மாநிலமும் ஒரே வரி அமைப்புக்குள்ள வந்தப்புறம் அந்த வரி செக்போஸ்ட்டுங்கள எடுத்தாங்க. ஜிஎஸ்டி மேல ஆயிரம் குறை சொல்லலாம், எனக்கும் உண்டு, ஆனா வாளையார்ல அந்த லைன் போனது உண்மை. அப்படியும் பால் டேங்கர் மட்டும் இன்னிக்கும் நிக்குது பாருங்க, மீனாட்சிபுரத்துல, ஆரியங்காவுல, ஓணம் சமயத்துல தமிழ்நாட்டு பால கேரளா டெஸ்ட் பண்ணித்தான் உள்ள விடுது. வரி ஒண்ணாயிடுச்சு, ஆனா "உன் பால் நல்ல பால்தான்னு நான் எப்படி நம்புறது"ங்குற கேள்வி அப்படியே இருக்கு. சிங்கிள் மார்க்கெட்னா இந்த கேள்விக்கு கண்டுபிடிச்ச பதில், அவ்ளோதான்.

அந்த பதில் எங்கேர்ந்து வந்துச்சுங்குறது ரொம்ப சுவாரசியம். பிரான்ஸ்ல காசிஸ் டி டிஜான்னு கருப்பு திராட்சை மாதிரி ஒரு பழத்துல செய்யுற மது, அதுல ஆல்கஹால் 15லேர்ந்து 20 சதவீதம். ஒரு ஜெர்மன் கம்பெனி அத இறக்குமதி பண்ண போனா, எங்க சட்டப்படி இந்த வகை பழ மதுவுல குறைஞ்சது 25 சதவீதம் இருக்கணும், அதனால விக்கக்கூடாதுன்னுட்டாங்க. கேஸ் ஐரோப்பிய கோர்ட்டுக்கு போச்சு. 1979ல தீர்ப்பு: ஒரு நாட்டுல சட்டப்படி தயாரிச்சு வித்துக்கிட்டு இருக்குற பொருள, தகுந்த காரணம் இல்லாம இன்னொரு நாடு தடுக்க முடியாது. ஆல்கஹால் எவ்ளோன்னு லேபிள்ல போட்டா போதும், ஜனங்க படிச்சு முடிவு பண்ணிக்கட்டும். இந்த ஒரு தீர்ப்புலேர்ந்து பொறந்ததுதான் பரஸ்பர அங்கீகாரம்ங்குறது. உன் ஊர்ல பாஸ் ஆனா என் ஊர்லயும் பாஸ். உடல்நலம், பாதுகாப்பு மாதிரி விட்டுக்குடுக்க முடியாத விஷயத்துக்கு மட்டும் எல்லாரும் சேந்து ஒரே விதி எழுதிக்கலாம்.

அத கைல எடுத்துக்கிட்டுதான் 1985ல ஜாக் டெலோர் தலைமைல இருந்த ஐரோப்பிய கமிஷன் கிட்டத்தட்ட 300 சட்டம் மாத்தணும்னு ஒரு பட்டியல் போட்டுச்சு. அந்த பட்டியல தயார் பண்ணது யாரு தெரியுமா, ஆர்தர் காக்ஃபீல்டுன்னு அப்போ பிரிட்டன் பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சர் அனுப்பி வெச்ச பிரிட்டிஷ்காரர். தாட்சரும் அப்போ இதுக்கு முழு ஆதரவு. 1993 ஜனவரி 1லேர்ந்து 12 நாட்டுக்குள்ள எல்லைல சரக்கு செக்கிங் இல்லைன்னு ஆச்சு. பின்னாடி பிரிட்டன் விட்டுட்டு போன அந்த சிங்கிள் மார்க்கெட்ட கட்டினதுல பிரிட்டனுக்கு பெரிய பங்கு உண்டு, அங்கயே நிறைய பேருக்கு இது ஞாபகம் இல்ல.

இப்ப மூணையும் தனித்தனியா பாக்கணும்னா ரெண்டு எல்லைய பாத்தா போதும். துருக்கி, ஐரோப்பிய யூனியனோட கஸ்டம்ஸ் யூனியன்ல இருக்கு, 1996லேர்ந்து, தொழிற்சாலை பொருளுக்கு டியூட்டி இல்ல. ஆனா சிங்கிள் மார்க்கெட்ல இல்ல. யூனியன் நாடான பல்கேரியா எல்லைல கபிகுலேன்னு ஒரு இடம், அங்க லாரிங்க கிலோமீட்டர் கணக்குல நிக்குறது வாடிக்கை. நார்வே அப்படியே உல்டா, சிங்கிள் மார்க்கெட்ல இருக்கு, ஆனா கஸ்டம்ஸ் யூனியன்ல இல்ல, யூனியன் நாடான ஸ்வீடன் எல்லைல கஸ்டம்ஸ் ஆபீஸ் இருக்கு, டிக்ளரேஷன் போடணும். ரெண்டு நாட்டுக்கும் நல்ல உறவு, கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கு, வேலை வேகமா நடக்கும், ஆனாலும் அது ஒரு எல்லைதான். லாரி நிக்காமயே போகணும்னா ரெண்டும் வேணும். பிரிட்டன் 2021ல ரெண்டுலேர்ந்தும் ஒரே நாள் ராத்திரில வெளிய வந்துச்சு, 1,200 பக்கத்துக்கு மேல இருந்த ஒப்பந்தம் கையெழுத்தாகி ரெண்டே நாள் கழிச்சு. எந்த சின்ன வியாபாரியால அத படிச்சு தயாராக முடியும் சொல்லுங்க.

அந்த ஜனவரி மாசம் நெதர்லாந்துல ஹுக் ஆஃப் ஹாலண்ட் துறைமுகத்துல எடுத்த டிவி காட்சி ஒண்ணு ரொம்ப பேர் பாத்திருப்பீங்க, இங்கிலாந்துலேர்ந்து வந்த டிரைவர் கைல இருந்த ஹாம் சான்ட்விச்ச கஸ்டம்ஸ் அதிகாரி வாங்கி வெச்சுக்குறாரு, வெளிநாட்டுலேர்ந்து கறி கொண்டுவரக்கூடாதுன்னு விதி. சான்ட்விச் சின்ன விஷயம். அதே விதி ஒரு லாரி முழுக்க மீன் ஏத்திட்டு வர்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு என்ன பண்ணுச்சுன்னு பாக்கணும். 2020 டிசம்பர் வரைக்கும் இன்னிக்கு புடிச்ச நண்டும் இறாலும் மறுநாள் பிரான்ஸ் மார்க்கெட்ல இருக்கும். ஜனவரிலேர்ந்து ஒவ்வொரு வகைக்கும் கால்நடை டாக்டரோ அதுக்கு தகுதியான அதிகாரியோ கையெழுத்து போட்ட ஹெல்த் சர்டிபிகேட், புடிச்ச படகு விவரம், கஸ்டம்ஸ் டிக்ளரேஷன். இதுல ஒரு பெரிய சிக்கல், சின்ன வியாபாரி தனி லாரி வெக்க மாட்டாரு, பத்து இருபது பேர் சரக்க ஒரே லாரில சேத்து போடுவாங்க, அந்த இருபது பேர்ல ஒருத்தரோட பேப்பர்ல ஒரு நம்பர் தப்பா இருந்தா முழு லாரியும் நிக்கும். மத்த பத்தொன்பது பேரோட மீனும் கெட்டுப்போகும். 2021 ஜனவரி 18 அன்னிக்கு கடல் உணவு வியாபாரிங்க லாரிங்கள லண்டன் பார்லிமெண்ட் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி போராடினாங்க. சிப்பி வளக்குறவங்க நிலமை இன்னும் மோசம், பிரிட்டன் கடல்ல பல இடத்துல எடுக்குற சிப்பிய சுத்தம் பண்ணித்தான் சாப்பிட முடியும், முன்னாடி உயிரோட அனுப்பி ஐரோப்பாவுல சுத்தம் பண்ணுவாங்க, வெளிநாடு ஆனப்புறம் சுத்தம் பண்ணாத சிப்பி உள்ளயே வரக்கூடாதுன்னு தடை. டியூட்டி ஜீரோதான். வித்தா ஜீரோ. விக்கவே முடியாது.

என் மனசுல உறுத்துறது இங்கதாங்க. டியூட்டிங்குறது சரக்குக்கு தகுந்த மாதிரி போகும், நூறு பீஸ் வித்தா நூறு பீஸுக்கு உண்டானது, லட்சம் வித்தா லட்சத்துக்கு. பேப்பர் செலவு அப்படி இல்ல. ஒரு ஹெல்த் சர்டிபிகேட்டுக்கு டாக்டர் வாங்குற பீஸ், கஸ்டம்ஸ் ஏஜெண்ட் பீஸ், அத பாத்துக்க ஒரு ஆள், இதெல்லாம் பத்து பெட்டி அனுப்பினாலும் ஒண்ணுதான், ஆயிரம் பெட்டி அனுப்பினாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பெரிய சூப்பர்மார்க்கெட் கம்பெனி ஐம்பது பேர வேலைக்கு வெச்சு சமாளிச்சுரும். வாரத்துக்கு நாலு பெட்டி சீஸ் அனுப்பிட்டு இருந்த குடும்பம் கணக்கு போட்டு பாக்கும், கட்டுப்படியாகாது, விட்டுரும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளருங்க 2024ல வெளியிட்ட கணக்குப்படி, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி பண்ணிட்டு இருந்த பிரிட்டிஷ் கம்பெனிங்கள்ல சுமார் 16,000 கம்பெனி இந்த ஒப்பந்தத்துக்கு அப்புறம் அத நிறுத்திருச்சு, பெரிய கம்பெனிங்களுக்கு பெருசா அடி இல்ல, அடி முழுக்க சின்னவங்களுக்கு. திருப்பூர்ல நான் பாத்ததும் இதேதான், புதுசா ஒரு சர்டிபிகேட், புதுசா ஒரு ஆடிட்னு ஒவ்வொரு தடவை வர்றப்பவும் இருபது மெஷின் வெச்சிருக்குறவர்தான் முதல்ல கழண்டுக்குவாரு, அப்புறம் பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் பண்ணிட்டு இருப்பாரு.

வட அயர்லாந்து விஷயத்த தொடாம இத முடிக்க முடியாது. அயர்லாந்து தீவுல தெற்கு தனி நாடு, யூனியன்ல இருக்கு, வடக்கு பிரிட்டனோட சேந்தது. நடுவுல 500 கிலோமீட்டர் எல்லை, 200க்கு மேல ரோடு குறுக்க போகுது. முப்பது வருஷம் அங்க ரத்தம் சிந்தி, 3,500 பேர் கிட்ட செத்து, 1998 ஏப்ரல்ல ஒரு அமைதி ஒப்பந்தம் வந்துச்சு. ராணுவ செக்போஸ்ட்ட எடுத்தாங்க, கஸ்டம்ஸ் செக்போஸ்ட் 1993லயே சிங்கிள் மார்க்கெட்டால போயிருந்துச்சு, அதனால எல்லைங்குறதே கண்ணுக்கு தெரியாம போச்சு. இப்போ பிரிட்டன் ரெண்டுலேர்ந்தும் வெளிய வந்தா அந்த ரோடுங்கள்ல மறுபடி செக்போஸ்ட் வரணும், அத யாரும் நினைச்சு பாக்கவே தயாரா இல்ல. கடைசில எல்லைய கடலுக்கு தள்ளினாங்க, அதாவது வடக்கு மட்டும் சரக்கு விஷயத்துல ஐரோப்பிய விதிப்படி நடக்கும், இங்கிலாந்துலேர்ந்து அங்க போற சரக்குக்கு செக்கிங். ஒரே நாட்டுக்குள்ளயே கஸ்டம்ஸ் கோடு. அங்க இருக்குற பிரிட்டிஷ் ஆதரவு ஜனங்களுக்கு நாங்க என்ன வெளிநாடான்னு ஒரே கொதிப்பு, அவங்க கட்சி ரெண்டு வருஷம் மாநில ஆட்சியவே நடத்த விடல. 2023 பிப்ரவரில வின்ட்சர் ஏற்பாடுன்னு ஒண்ணு போட்டு, வடக்குலயே விக்கப்போற சரக்குக்கு பச்சை வழி, தெற்குக்கு போக வாய்ப்பிருக்குற சரக்குக்கு சிவப்பு வழின்னு பிரிச்சாங்க. அங்க கடைல பால் பாக்கெட்ல "யூனியனுக்கு இல்ல"ன்னு லேபிள் ஒட்டியிருக்கும். வரி புஸ்தகத்துல வர்ற ஒரு விதி மனுஷங்க உயிர் வரைக்கும் போய் தொடும்ங்குறதுக்கு இதவிட வேற உதாரணம் எனக்கு தெரியல.

அப்போ பேசாம சிங்கிள் மார்க்கெட்லயே இருந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. இருந்திருக்கலாம், நார்வே மாதிரி. ஆனா அதுக்கு குடுக்க வேண்டியதும் பெருசு. சரக்கு, சேவை, பணம், ஆளுங்க நாலும் தடையில்லாம போகணும்ங்குறது ஒரே பொட்டலம், சரக்கு மட்டும் வேணும் ஆளுங்க வேண்டாம்னு பிரிச்சு எடுக்க விட மாட்டாங்க. விதி எழுதுறது யூனியன் தலைமையகம் இருக்குற பிரஸ்ஸல்ஸ்ல, நார்வே கருத்து சொல்லலாம், ஓட்டு கிடையாது. பிரிட்டன் மாதிரி பெரிய நாடு, ஓட்டு இல்லாம அடுத்தவன் எழுதுற விதிய ஏத்துக்கணுமான்னு கேட்டா அந்த கேள்வில நியாயம் இருக்கு, அத கிண்டல் பண்றவங்கள எனக்கு பிடிக்காது. நம்பிக்கை சும்மா வராது, பொதுவா ஒரு விதி வேணும், சண்டை வந்தா தீத்து வெக்க பொதுவா ஒரு கோர்ட் வேணும், அப்போ என் ஊர்ல நானே ராஜாங்குற நிலமைல கொஞ்சம் விட்டுக்குடுத்தே ஆகணும். எவ்ளோ விட்டுக்குடுக்குறோமோ அவ்ளோ லாரி ஓடும். இதுல என்ன முடிவு எடுக்கலாம்ங்குறது அந்தந்த நாட்டு ஜனங்க இஷ்டம், ஆனா ரெண்டும் கிடைக்கும்னு 2016ல மேடைல பேசினாங்க பாருங்க, அது தப்பு.

தனியா விதி வெக்குறதும் நினைச்ச அளவு சுலபமா இல்ல. சாமான் பாதுகாப்பு விதிப்படி இருக்குன்னு காட்டுற ஐரோப்பாவோட சிஇ முத்திரைக்கு பதிலா யுகேசிஏன்னு சொந்த முத்திரை கொண்டுவந்தாங்க, ஒரே சாமானுக்கு ரெண்டு தடவை டெஸ்ட் பண்ண எந்த கம்பெனியும் தயாரா இல்ல, தள்ளி வெச்சு தள்ளி வெச்சு 2023 ஆகஸ்ட்ல பெரும்பாலான சாமானுக்கு சிஇ முத்திரையையே காலவரையறை இல்லாம ஏத்துக்குறோம்னு அறிவிச்சுட்டாங்க. பக்கத்துல 45 கோடி ஜனம் இருக்குற சந்தை, அவங்க விதிதான் நம்ம பேக்டரிக்குள்ளயும் நடக்கும், ஓட்டு இருந்தாலும் இல்லைன்னாலும்.

சொந்தமா ஒப்பந்தம் போட்டதுல என்ன கிடைச்சுதுன்னா, ஆஸ்திரேலியாவோட போட்டாங்க, பசிபிக் நாடுங்க கூட்டணில சேந்தாங்க, 2025 ஜூலை 24 அன்னிக்கு இந்தியாவோடயும் கையெழுத்து போட்டாங்க. இந்திய ஒப்பந்தம் நம்ம ஊருக்கு பெரிய விஷயம், இத்தனை நாளா எங்க டி-ஷர்ட்டுக்கு பிரிட்டன்ல பத்து சதவீதத்துக்கு கிட்ட டியூட்டி, பங்களாதேஷுக்கு ஜீரோ, அந்த பள்ளம் இதால மூடும், அதுல எனக்கு மனசார சந்தோஷம்தான். ஆனா பிரிட்டன் பக்கத்துலேர்ந்து பாத்தா, இந்திய ஒப்பந்தத்தால நீண்ட காலத்துல அவங்க பொருளாதாரம் 0.1 சதவீதம் கூடும்னு அவங்க அரசாங்கமே கணக்கு போட்டிருக்கு. பிரெக்ஸிட்டால உற்பத்தித்திறன் நீண்ட காலத்துல 4 சதவீதம் குறையும்ங்குறது அவங்க பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தோட கணிப்பு. பிரிட்டன் ஏற்றுமதில 40 சதவீதத்துக்கு மேல யூனியனுக்குத்தான் போகுது. பக்கத்து வீட்டு வியாபாரத்துக்கு தூரத்து ஊர் வியாபாரம் ஈடாகுறது ரொம்ப கஷ்டம்.

ஒரு விஷயம் நியாயமா சொல்லணும், சேர்றதுலயும் வெளிய இருக்குறவனுக்கு அடி உண்டு. 1973ல பிரிட்டன் உள்ள போனப்போ நியூசிலாந்து வெண்ணெய்யும் ஆட்டுக்கறியும் அத்தனை வருஷமா வாங்கிட்டு இருந்தத குறைச்சு ஐரோப்பா பக்கம் திரும்புச்சு, நியூசிலாந்துக்காரங்க அதிலேர்ந்து மீள ரொம்ப நாள் ஆச்சு. ஜேக்கப் வைனர்னு ஒரு பொருளாதார அறிஞர் 1950லயே இத சொல்லிட்டாரு, கூட்டு சேர்றது புது வியாபாரத்த உண்டாக்கவும் செய்யும், மலிவா விக்குற வெளியாள்கிட்டேர்ந்து வியாபாரத்த உள்ளாள் பக்கம் திருப்பிவிடவும் செய்யும், எது அதிகம்னு ஒவ்வொரு தடவையும் பாத்துதான் சொல்லணும்னு.

கடைசியா இப்ப நிலமை. 2025 மே 19 அன்னிக்கு லண்டன்ல ரெண்டு தரப்பும் உக்காந்து, உணவு, கால்நடை, செடி கொடி விஷயத்துல பொதுவான ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. பிரிட்டன் அந்த துறைல ஐரோப்பிய விதி மாற மாற தானும் மாத்திக்கும், விதிக்கு அர்த்தம் சொல்றதுல ஐரோப்பிய கோர்ட் சொல்றதுதான் முடிவு, பதிலுக்கு பெரும்பாலான ஹெல்த் சர்டிபிகேட்டும் எல்லை செக்கிங்கும் போகும். அஞ்சு வருஷம் முன்னாடி பேசவே கூடாதுன்னு இருந்த விஷயம் இது. டியூட்டில ஒரு பைசா மாறல, ஏற்கனவே ஜீரோதானே. மாறப்போறது முழுக்க பேப்பர்தான், அந்த பேப்பருக்காகத்தான் கோர்ட் விஷயத்துலயே இறங்கி வந்திருக்காங்க.

எங்க பையர் கதைய கேட்டீங்கன்னா, 2021 பாதிலயே அவங்க நெதர்லாந்துல சின்னதா ஒரு குடோன் வாடகைக்கு எடுத்துட்டாங்க. அயர்லாந்து ஆர்டர் இப்போ ஃபீலிக்ஸ்டோ பக்கமே போறதில்ல, நேரா ராட்டர்டாம்ல இறங்கி அங்கேர்ந்து கப்பல்ல டப்ளின் போகுது, பாதை நீளம், நாள் கூட. முன்னாடி ஒரே பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்), ஒரே இன்வாய்ஸ். இப்ப ஒரே ஸ்டைல், ஒரே கலர், ஒரே துணிக்கு ரெண்டு பிஓ, ரெண்டு இன்வாய்ஸ், ரெண்டு செட் கார்ட்டன் மார்க், இங்கிலாந்து கார்ட்டனும் ஐரோப்பா கார்ட்டனும் கலந்துரக்கூடாதுன்னு பேக்கிங் செக்ஷன்ல நடுவுல தரைல மஞ்சள் டேப் ஒட்டி வெச்சிருக்கோம். டப்ளின்ல எம் சைஸ் தீந்துபோச்சுன்னா இங்கிலாந்து குடோன்ல எத்தனை இருந்தாலும் இப்பல்லாம் அனுப்புறதில்ல, தீந்தது தீந்ததுதான்.